பருவம் திரும்பும்போது கணக்குப் பார்த்தல்



தை பிறப்பதற்கு நாலைந்து நாள் முன்பு பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போயிருக்கிறீர்களா? துன் சம்பந்தன் சாலையில் கடைகளுக்கு முன்னால் கரும்புக் கட்டுகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். மஞ்சள் கொத்து, மண்பானை, மாவிலை, தோரணம் எல்லாம் நடைபாதைக்கு வந்துவிடும். கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலும் இதே காட்சிதான். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நாளில் என் பேரனைக் கூட்டிக்கொண்டு கரும்பு வாங்கப் போயிருந்தேன். கூட்டத்தில் என் கையைப் பிடித்து நடந்து வந்தவன், திடீரென்று நின்று கேட்டான்:

"பொங்கல் அறுவடைத் திருநாள்னு டீச்சர் சொன்னாங்க. நம்ம ஊர்ல யாரு தாத்தா நெல்லு அறுத்தாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என் கையில் இருந்த பையில் தாய்லாந்து அரிசி என்று அச்சிட்டிருந்தது. நம் சிலாங்கூரில் சிக்கிஞ்சான், தஞ்சோங் காராங் பக்கம் நெல் வயல்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அங்கே ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. தை முதல் நாளைப் பார்த்து யாரும் அறுப்பதில்லை. நம் தாத்தாவும் பாட்டியும் வேலை செய்ததோ பால்மரக் காட்டில். அவர்கள் அறுத்தது நெல்லை அல்ல, மரப்பட்டையை. அப்படியானால் நாம் எந்த அறுவடைக்குப் பொங்கல் வைக்கிறோம்? சிறுவன் கேட்டதாலேயே அது சின்னக் கேள்வியாகிவிடாது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச நினைக்கிறேன்.

முதலில் சூரியனிடமிருந்து தொடங்குவோம். பூமி சற்றே சாய்ந்தபடி சூரியனைச் சுற்றி வருகிறது. அதனால் சூரியன் நமக்கு ஆறு மாதம் வடக்கு நோக்கியும் ஆறு மாதம் தெற்கு நோக்கியும் நகர்வதுபோல் தோன்றுகிறது. டிசம்பர் 21 அல்லது 22-ஆம் தேதி தென்கோடிக்குப் போய், அங்கிருந்து திரும்புகிறது. ஜூன் 21 வாக்கில் வடகோடியைத் தொட்டு மறுபடி திரும்புகிறது. வடக்கு நோக்கிய பயணத்தை உத்தராயணம் என்றும் தெற்கு நோக்கியதைத் தட்சிணாயனம் என்றும் நம் பெரியவர்கள் பெயரிட்டார்கள். தை முதல் ஆனி வரை தேவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை அவர்களுக்கு இரவு என்று சொல்வார்கள். அந்தக் கணக்கில் மார்கழி என்பது விடியற்காலை. மார்கழியில் இருட்டோடு எழுந்து வாசலில் கோலம் போட்டு விளக்கு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சூரியன் திரும்புவது டிசம்பர் 21. தை பிறப்பதோ ஜனவரி 14 அல்லது 15. இடையில் மூன்று வாரத்துக்கு மேல் வித்தியாசம் ஏன்? நம் பஞ்சாங்கம் சூரியன் எந்த நட்சத்திரக் கூட்டத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்து மாதத்தைத் தொடங்குகிறது. பூமியின் அச்சோ, சுற்றி ஓயும் பம்பரத்தின் தலை மெல்ல ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருக்கிறது. அதனால் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நட்சத்திரக் கணக்கும் பருவக் கணக்கும் விலகிப் போகின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சூரியன் திரும்பிய நாளும் தை முதல் நாளும் ஒன்றாகவே இருந்தன. சித்திரை முதல் நாளுக்கும் இதே கதைதான். பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21. நாம் புத்தாண்டு கொண்டாடுவது ஏப்ரல் 14 வாக்கில். யாரும் தவறு செய்துவிடவில்லை. வானம் நகர்ந்துவிட்டது, நாம் பழைய இடத்திலேயே நின்று கும்பிடுகிறோம்.

அதைவிடப் பெரிய விலகல் நம் முன்னோர் கப்பலேறியபோது ஏற்பட்டது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேர வித்தியாசம் உண்டு. மார்கழியில் பொழுது சீக்கிரம் சாய்வதை அங்கே வயலில் நிற்பவன் உடம்பால் உணர்வான். கோலாலம்பூரோ பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று பாகை தூரத்தில்தான் இருக்கிறது. இங்கே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். கோயில் மணி அடிக்கும் நேரத்தில் இருட்டுகிறதா, இல்லையா என்பதைக்கூட நாம் கவனிப்பதில்லை. 1982-ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்களே, அந்த அரை மணி நேரம் நம் சூரியன் ஓராண்டில் காட்டும் வித்தியாசத்தைவிடப் பெரியது!

என்றாலும் சூரியன் திரும்புவதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆறடிக் கம்பு ஒன்றை வாசலில் நேராக நட்டு, பிற்பகல் ஒன்றே கால் மணியளவில் நிழலைப் பாருங்கள். நமக்கு உச்சிப் பொழுது அப்போதுதான். டிசம்பர் கடைசியில் நிழல் வடக்கே மூன்றடி நீளம் விழும். ஜூன் மாதக் கடைசியில் அதே கம்பின் நிழல் தெற்குப் பக்கம் இரண்டடிக்குச் சற்றுக் கூடுதலாக விழும். மார்ச் 28 வாக்கிலும் செப்டம்பர் நடுவிலும் நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும். சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாட்கள் அவை. அந்த இரண்டு நாளுக்கும் நம்மிடம் பண்டிகை இல்லை. நம் பஞ்சாங்கம் இந்த மண்ணில் எழுதப்பட்டதல்ல அல்லவா?

சரி, இந்த மண்ணுக்கென்று பருவம் இல்லையா? இருக்கிறது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை ஆண்டுக்கு இரண்டு முறை உச்சத்துக்குப் போகும்: ஏப்ரல் ஒட்டி ஒருமுறை, அக்டோபர் நவம்பரில் இன்னொரு முறை. இரண்டாவதுதான் கடுமையானது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மரத்தோடு போய்விடும், மங்கில் விழாது. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய், மரம் காயுமா காயுமா என்று காத்திருந்து, வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய நாட்கள் நம் பெற்றோருக்கு எத்தனை!

பிறகு ஜனவரி, பிப்ரவரியில் வெயில் ஏறும். பால்மரம் இலையை உதிர்க்கத் தொடங்கும். பச்சையாக இருந்த காடு மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, ஒரு நாள் காற்றில் மொத்தமும் கொட்டிவிடும். நிழலே இல்லாத மொட்டைக் காட்டில் சருகு காலடியில் நொறுங்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மரம் இலையில்லாமல் நின்று, செம்பு நிறத் தளிர் விட்டு, அந்தத் தளிர் முற்றிப் பச்சையாகும் வரை பால் குறைவாகத்தான் வரும். மரம் தன் பலத்தையெல்லாம் தளிருக்குக் கொடுத்துவிடுகிறது, நமக்குக் கொடுக்க அதனிடம் மிச்சமில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் காய் முற்றி 'டப்' என்று வெடித்துக் கொட்டை சிதறும். அதைப் பொறுக்கிச் சிமெண்டில் தேய்த்து, சூடேற்றி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலற விட்ட குறும்பு எங்கள் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும்.

1876-இல் பிரேசிலிலிருந்து விதையாகக் கிளம்பி, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்த மரம் இது. அதுவும் நம்மைப்போல் கப்பலேறி வந்ததுதான். ஆனால் மரம் இந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பத் தன் பருவத்தை அமைத்துக்கொண்டது. நாம் நம் பண்டிகைத் தேதிகளை மாற்றவில்லை. மாற்றியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதனால் என்ன நேர்ந்தது என்று பாருங்கள்.

தமிழ்நாட்டு உழவனுக்குத் தை மாதம் கையில் நெல் இருக்கும் மாதம். களஞ்சியம் நிறைந்த பிறகு அவன் பொங்கல் வைத்தான். நமக்கோ தீபாவளி வருவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். அதாவது மழை கொட்டி, வேலை நாள் குறைந்து, சம்பளம் இளைத்திருக்கும் நேரத்தில். புதுத்துணி, பலகாரம், விருந்து எல்லாம் அப்போதுதான். அது தீர்ந்து மூச்சு விடுவதற்குள் பள்ளிக்கூடச் செலவு. பிறகு பொங்கல், தைப்பூசம். அதையடுத்து இலை உதிரும் காலம், மறுபடி குறைந்த சம்பளம். செலவெல்லாம் மேட்டிலும் வரவெல்லாம் பள்ளத்திலுமாக ஆண்டு அமைந்துவிட்டது. செம்பனைக்கு மாறிய தோட்டங்களிலும் இது பெரிதாக மாறவில்லை. செம்பனை இலை உதிர்க்காது என்றாலும், குலை அதிகம் விழுவது செப்டம்பர், அக்டோபர் வாக்கில். ஜனவரி, பிப்ரவரியில் அதுவும் மெலிந்துபோகும்.

எங்கள் தோட்டம் கிள்ளானுக்கு அடுத்தது. தீபாவளி முன்பணம் என்று அங்கே கொடுப்பார்கள். அதை வாங்கும் நாளில் லயமே சிரிக்கும். அடுத்த மாதத்திலிருந்து பிடித்தம் தொடங்கும். கடைக்காரரிடம் பற்று வேறு. என் அப்பா நல்ல உழைப்பாளி, ஆனால் கையில் காசு வந்தால் எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுகிற மனுஷர். என் அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒரு பென்சில் வைத்திருந்தார்.

கடைக்காரர் ஆண்டுதோறும் கொடுக்கும் மாத நாட்காட்டியைச் சமையல்கட்டுச் சுவரில் மாட்டியிருப்போம். அப்பா வெறுங்கையோடு திரும்பிய ஒவ்வொரு மழை நாளுக்கும் அம்மா அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். இலை உதிர் காலத்தில் பால் குறைந்த நாளுக்கு ஒரு கோடு. கடைக்குப் பணம் கட்டிய நாளுக்குப் பெருக்கல் குறி. வேறு ஒன்றும் எழுதமாட்டார்.

போகி இரவு வரும். பழைய பாய், கிழிந்த கூடை, உடைந்த துடைப்பம் எல்லாம் லயத்துக்கு முன்னால் குவியும். பிள்ளைகள் நாங்கள் தீ மூட்டப் பறப்போம். அம்மா மட்டும் முடிந்த ஆண்டின் நாட்காட்டியைக் கொடுக்கமாட்டார். அப்பாவை உட்காரவைத்து, என்னை விளக்கைப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு தாளாகப் புரட்டி வட்டங்களை எண்ணச் சொல்வார். ஓர் ஆண்டு ஐப்பசியில் மட்டும் பதினொரு வட்டம். அந்த மாதத்தில்தான் அப்பா எங்கள் எல்லோருக்கும் இரண்டு ஜோடித் துணி எடுத்திருந்தார்.

"பதினோரு நாள் மழை. ரெண்டு ஜோடித் துணி. பாத்துக்குங்க," என்றார் அம்மா. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அப்பாவும் பேசவில்லை. கடைசித் தாளும் முடிந்த பிறகுதான் நாட்காட்டி தீக்குப் போயிற்று.

அம்மா செய்ததை நான் அப்போது கஞ்சத்தனம் என்றே நினைத்தேன். வளர்ந்து நாலு புத்தகம் படித்த பிறகுதான், பருவம் திரும்பும் இடத்தில் நின்று கணக்குப் பார்க்கிற பழக்கம் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறது என்று தெரிந்தது. அதில் ஒன்றைச் சொல்கிறேன். நம்மை வேலை வாங்கிய துரைமார்களின் ஊர்க் கதை அது.

மலாயாத் தோட்டங்களில் துரைகளாக இருந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர். சிங்கப்பூரில் 1821-இல் கத்ரி கம்பெனியைத் தொடங்கியவரும் அந்த நாட்டுக்காரர்தான். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய இடங்களின் பழைய மக்களைக் கெல்ட்டியர் என்று சொல்வார்கள். அவர்களுடைய ஊர் நம் ஊரைப்போல் இல்லை. டப்ளின் நகரில் ஜூன் மாதத்தில் பகல் பதினேழு மணி நேரம். டிசம்பரில் ஏழரை மணி நேரம்தான். இருட்டும் குளிரும் அங்கே பசியாக வரும். புல் முளைக்காவிட்டால் மாட்டுக்குத் தீனி இல்லை, மாடு செத்தால் மனிதனுக்குச் சோறு இல்லை.

அதனால் அவர்கள் ஆண்டில் நான்கு நாட்களை முக்கியமாகக் கொண்டாடினார்கள். நவம்பர் முதல் தேதி சவின், பிப்ரவரி முதல் தேதி இம்போல்க், மே முதல் தேதி பெல்டேன், ஆகஸ்ட் முதல் தேதி லூனசா. இவை சூரியன் திரும்பும் நாட்கள் அல்ல, அவற்றுக்கும் பகலும் இரவும் சமமாகும் நாட்களுக்கும் ஏறக்குறைய நடுவில் வருபவை. மேய்ச்சல் தொடங்குவதும் முடிவதும், ஆடு பால் சுரப்பதும், புதுக் கதிர் அறுப்பதுமான நாட்கள். அயர்லாந்து மொழியில் நவம்பர், மே, ஆகஸ்ட் மாதங்களுக்கு இன்றும் இந்தப் பண்டிகைகளின் பெயர்தான். பிப்ரவரித் திருநாளை ஒட்டி 2023 முதல் அந்த நாட்டில் பொது விடுமுறையும் விட்டிருக்கிறார்கள்.

இவற்றுள் சவின்தான் நமக்கு முக்கியம். மலைமேல் மேய்ந்த மாடுகளை அன்று வீட்டுக்கு ஓட்டி வருவார்கள். உள்ள தீனிக்கு எத்தனை மாட்டைக் குளிர்காலம் முழுவதும் காப்பாற்ற முடியும், எவற்றை இப்போதே அடித்து உப்பிட்டு வைக்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். தாய்ப்பசுவைத் தடவிக் கொடுத்தபடி அந்தக் கணக்கைப் போடுவது லேசான காரியமாக இருந்திருக்குமா? அதே இரவில் இறந்துபோனவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கிற, பேய் முகமூடி போட்ட ஹாலோவீன், இந்தச் சவினின் பேரப்பிள்ளை. முகமூடி மட்டும் உலகம் சுற்றியது. மாட்டுக்கணக்கு ஊரிலேயே தங்கிவிட்டது.

பெல்டேன் நாளில் இரண்டு தீ மூட்டி, இடையே மாடுகளை ஓட்டுவார்கள். நோய் அண்டாது என்று நம்பிக்கை. நம் போகித் தீயையும் மாட்டுப் பொங்கலையும் ஒன்றாகப் பிசைந்ததுபோல் இல்லையா? ஆனால் அங்கிருந்து இங்கு வந்தது, இங்கிருந்து அங்கு போனது என்றெல்லாம் கதை கட்ட வேண்டாம். மாட்டை நம்பிப் பிழைத்தவர்கள் மாட்டுக்காகப் பயந்தார்கள், தீயைக் கும்பிட்டார்கள். அவ்வளவு போதும்.

அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற இடத்தில் கல்லால் கட்டிய பெரிய சமாதி ஒன்று இருக்கிறது. கெல்ட்டியர் காலத்துக்கும் மிக முந்தையது. வயது 5,000 ஆண்டுக்கு மேல். வாசலுக்கு மேலே ஒரு சின்னத் திறப்பு. டிசம்பரில் சூரியன் திரும்பும் அந்தச் சில நாட்களில் மட்டும் விடியல் வெளிச்சம் அதன் வழியே நுழைந்து, நீண்ட நடைவழியைக் கடந்து, உள்ளறையின் தரையில் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் நிற்கும். 1967 டிசம்பர் 21-ஆம் தேதி ஓர் ஆராய்ச்சியாளர் தனியாக உள்ளே உட்கார்ந்திருந்து அதைக் கண்டார். இறந்தவர்களை வைத்த இடத்துக்கு ஆண்டில் ஒருமுறை வெளிச்சம் வர வேண்டும் என்று நினைத்து அத்தனை கல்லையும் அடுக்கியிருக்கிறார்கள்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் மே மாதமும் நவம்பரும்தான் குத்தகைப் பணம் கட்டும் காலம், பண்ணையாட்களை அமர்த்தும் காலம். அரை ஆண்டுக் கூலியை அப்போதுதான் எண்ணி வாங்குவார்கள். கிறிஸ்துமஸுக்கு அங்கே 1958 வரை பொது விடுமுறைகூட இல்லை. ஆண்டின் கடைசி இரவுதான் பெரிய பண்டிகை. அன்று வீட்டைப் பெருக்கி, அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி, நள்ளிரவு மணி அடிப்பதற்குள் கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மணி அடித்த பிறகு முதலில் வாசலுக்கு வருகிறவர் கறுத்த முடிக்காரராக இருந்தால் அதிர்ஷ்டம் என்றும் நம்பினார்கள். எங்கள் தோட்டத்தில் துரை பங்களாவின் வாசலில் நிற்கக் கறுத்த முடிக்காரர்களுக்குக் குறைவே இல்லை, யாரும் அழைத்ததாகத்தான் எனக்கு நினைவில்லை!

பக்கத்து வீட்டுச் சீனரைப் பாருங்கள். டிசம்பரில் சூரியன் திரும்பும் நாளில் குடும்பத்தோடு உட்கார்ந்து பசையரிசி மாவு உருண்டையைப் பாகில் போட்டுச் சாப்பிடுவார்கள். பிறகு அவர்களுடைய புத்தாண்டு வருமுன் கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்று ஓடுவார்கள். மலாய்க்காரர்களின் நோன்புப் பெருநாளோ முழுக்கவும் பிறைக் கணக்கு. ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னே வந்துகொண்டே இருக்கும். மழையிலும் வரும், வெயிலிலும் வரும். அங்கே திருப்பம் மாதத்தில் இல்லை, நோன்பில் இருக்கிறது.

நாமும் போகியில் பழையதைக் கழிக்கிறோம். ஆனால் ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பண்டிகைக்குள் கடனைத் தீர்க்கிறார்கள். நம்மில் பலர் பண்டிகைக்காகக் கடன் வாங்குகிறோம். இது நம் புத்திக் குறைவு மட்டும் அல்ல. மேலே சொன்ன மழையும் இலை உதிர்வும் அதில் பங்குகொண்டிருக்கின்றன. நாட்கூலி முறையும் பங்குகொண்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள்.  காசு எங்கே போகிறது என்று அந்த மக்கள் பார்த்திருக்கிறார்கள். அதை எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

பொங்கலுக்குப் பின்னர் வரும் தைப்பூசத்தில் வேறுவிதக் கணக்கு ஒன்று நடக்கிறது. பத்துமலையில் தம்புசாமிப் பிள்ளை 1891-இல் வேலை நாட்டினார். அடுத்த ஆண்டிலிருந்து அங்கே தைப்பூசம் நடந்துவருகிறது. முதலில் கரடுமுரடான மலைப்பாதை, 1920-இல் மரப்படி, இப்போது 272 படிகள். காவடி எடுப்பவர் பல நாள் முன்பே விரதம் தொடங்கி, ஒருவேளை உண்டு, தரையில் படுத்து, தான் எதற்காக வேண்டிக்கொண்டோம் என்பதை நாள்தோறும் நினைத்துப் பார்க்கிறார். நாம் அதற்கு வைத்த பெயரே நேர்த்திக்கடன். அந்தக் கடனில் நாம் தவணை தவறுவதில்லை. இலை உதிரத் தொடங்கும் நேரத்தில், மரமும் விரதம் இருக்கும்போது, இந்தத் திருவிழா வருவதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது. திட்டமிட்டு அமைந்ததல்ல, தானாகப் பொருந்திக்கொண்டது. அறுவடைக்குப் பொருந்தாமல் வந்த தை, பால்மரத்தின் ஓய்வுக்குப் பொருந்திவிட்டது.

முன்னோரை நினைப்பதற்கும் நமக்கு ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் இருக்கின்றன. சூரியன் திரும்பும் இரண்டு வாசல்களிலும் இறந்தவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர். கேரித் தீவின் பூர்வகுடிகளான மா மெரி மக்களும் தங்கள் மூதாதையருக்கென்று ஒரு நாள் வைத்து வணங்குகிறார்கள். அந்தத் தீவின் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர்கள் அதைப் பார்த்திருக்கக்கூடும். ஆடி மாதத்தில் காவிரி பெருக்கெடுக்கும். நமக்குக் காவிரி இல்லை. ஆனால் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழாவும் தீமிதியும் நடந்தன. இன்று தோட்டமும் லயமும் போய் வீடமைப்புப் பகுதியாகிவிட்ட பல இடங்களில் கோயில் மட்டும் நிற்கிறது. அடுக்குமாடிக்குப் போனவர்கள் திருவிழாவுக்குத் திரும்பி வந்து, எங்கள் வீடு இங்கே இருந்தது, பெரட்டுக்களம் அங்கே இருந்தது என்று வெறும் தாரைக் காட்டிப் பேசுகிறார்கள்.

என் பேரனுடைய கேள்விக்கு வருகிறேன். அன்று கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தபடி அவனிடம் சொன்னேன்: "தமிழ்நாட்டுல நெல்லு அறுத்த நாள், தம்பி. இங்க நம்ம பாட்டி அந்த நாள்ல கணக்குப் பாத்தாங்க." அவனுக்கு அது பதிலாகப்படவில்லை. ஆகவே வீட்டுக்குப் போனதும் நாட்காட்டிக் கதையைச் சொன்னேன்.

என் மகள் வீடு கிள்ளானில் ஓர் அடுக்குமாடியில் எட்டாவது மாடி. போகித் தீ மூட்ட இடமில்லை. புகை வந்தால் அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்கள். மருமகன் லாரி ஓட்டுகிறார். மழை பெய்தால் அவருக்கு வேலை நிற்காது, ஆனால் துறைமுகத்தில் காத்திருக்கும் நாளில் படி கிடைக்காது. வண்டித் தவணை இருக்கிறது, பிள்ளைகளின் டியூஷன் இருக்கிறது, தீபாவளிக்கு எடுத்த துணியின் பாக்கி கடன் அட்டையில் இருக்கிறது. கதையைக் கேட்ட மகள் மறுநாளே குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு மாத நாட்காட்டியை மாட்டினாள். காத்திருந்த நாளுக்கு வட்டம், கூடுதல் நேர வேலை செய்த நாளுக்குக் கோடு, தவணை கட்டிய நாளுக்குப் பெருக்கல் குறி. பாட்டி போட்ட அதே மூன்று குறிகள்.

போன போகி இரவில் நானும் அங்கே இருந்தேன். மருமகனை உட்காரவைத்து, பேரனை எண்ணச் சொன்னாள். தை, மாசி, பங்குனி என்று தாளைப் புரட்டிக்கொண்டே போனார்கள். ஐப்பசிக்கு வந்தபோது பையன் விரலை வைத்து எண்ணினான். "ஒன்பது வட்டம்," என்றான். மருமகன் அந்தத் தாளையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தத் தீபாவளிக்கு எனக்குத் துணி வேண்டாம், பையனுக்கு மட்டும் எடு," என்றார். மகள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளைப் புரட்டினாள். தீ மூட்ட வழியில்லாததால் அந்த நாட்காட்டியை என்ன செய்வது என்று கேட்டார்கள். சுருட்டி என்னிடம் கொடுங்கள் என்று வாங்கி வந்துவிட்டேன். என் அலமாரியில் இருக்கிறது.